மேலே இப்போ மணி என்ன? அம்மா கேட்ட கேள்விக்கு என்ன சொல்வது?

பாயான்பாரு நைட் ஷிப்ட்:

வணக்கம். போன செவ்வாய் எனக்கு ஆஃப் டே. இரவு 7.50 வாக்கில் அம்மாவை நாற்காலியோடு வராந்தாவில் உட்கார வைத்து, சர்வதேச விண்வெளி நிலையம் போவதைக் காட்டினேன். எங்கள் ஃப்ளாட் ஒன்பதாவது மாடி. விமானம் மாதிரி மினுக்காமல் ஒரே சீராக வந்த வெளிச்சம், நடு வானம் தாண்டியதும் ஊதி அணைத்த விளக்கு மாதிரி காணாமல் போனது. நாலு நிமிடம் இருக்கும்.

“அதுல ஆள் இருக்கா?” என்றார் அம்மா. இருக்கிறார்கள் என்றேன். “அங்க இப்போ மணி என்ன?”

எனக்கு வாய் அடைத்துவிட்டது. அம்மாவுக்கு வயது 82. சுங்கைப் பட்டாணி பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டு மணி, அதாவது ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் மணி, அடித்தால் எழ வேண்டும், அவ்வளவுதான் நேரம். 1981 டிசம்பர் 31 இரவு தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள் அல்லவா? அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. “என் தூக்கத்துல அரை மணிய திருடிட்டானுங்க” என்பார். எங்கள் வீட்டில் இன்றும் பழைய டைம், புது டைம் என்று இரண்டு உண்டு. மாத்திரை புது டைம், சாமி விளக்கு பழைய டைம்.

இன்னொன்று. பத்துமலைப் பாறைக்கு 40 கோடி ஆண்டு வயது என்று ஒருமுறை சொன்னேன். “அப்போ முருகன் வர்றதுக்கு முன்னாடியே மலை காத்துக்கிட்டு இருந்துச்சா?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். கோடி என்றால் அவருக்கு வெறும் சத்தம். எனக்கும்தான். இதையெல்லாம் எப்படி அவருக்குப் புரிய வைப்பது?

ஈப்போ ரயில்காரன்:

அண்ணே, மணி விஷயம் எளிது. அங்கே கிரீன்விச் நேரம், நம்மைவிட எட்டு மணி நேரம் பின்னால். நீங்கள் பார்த்தபோது அவர்களுக்குப் பகல் 11.50. ஆனால் அந்த மணிக்கும் சூரியனுக்கும் சம்பந்தம் இல்லை. சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்பதால் ஒரு நாளில் 16 தடவை விடியும். விடியலைப் பார்த்து எழுந்தால் ஆள் காலி! அதனால் பூமியில் இருக்கும் ஒரு கடிகாரத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். அம்மாவிடம் பெரட்டு மணி மாதிரி என்றே சொல்லுங்கள், தப்பில்லை.

நடுவில் அணைந்ததற்குக் காரணம் பூமியின் நிழல். நமக்கு இருட்டிய பிறகும் 400 கிலோமீட்டர் உயரத்தில் கொஞ்ச நேரம் வெயில் அடிக்கும். அந்த வெயிலைத்தான் பார்த்தீர்கள். நிழலுக்குள் நுழைந்ததும் முடிந்தது. இன்னொன்று, கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்குச் சாலையில் சுமார் 350 கிலோமீட்டர். விண்வெளிக்காரர்கள் அதைவிடக் கொஞ்சம்தான் தூரம், என்ன, நேர் மேலே.

மலேசியாவின் முதல் விண்வெளி வீரர், நம்ம ஷேக் முஸாபார் 2007 அக்டோபர் 10 அன்று கிளம்பியபோது நோன்பு மாதம். ஒரு நாளில் 16 விடியல் என்றால் தொழுகை நேரம் எது? அதற்காக இங்கே ஒரு வழிகாட்டியே தயாரித்தார்கள். ராக்கெட் கிளம்பிய பைக்கனூரின் நேரத்தை ஒட்டி வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு. உங்கள் அம்மாவின் கேள்வியைப் பெரிய பெரிய ஆட்கள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

அன்பே சிவம் 77:

மேலே இருந்து பார்த்தால் நாடு, எல்லை எதுவும் தெரியாது அண்ணே. அதைச் சொல்லுங்கள் அம்மாவிடம்.

செந்தூல் கிழவன்:

தம்பி, எல்லாரும் இதையே சொல்கிறீர்கள். பகலில் சரி. இரவில் இந்தியா-பாகிஸ்தான் எல்லை விளக்கு வரிசை ஆரஞ்சுக் கோடாகத் தெரிகிறது, நிலையத்திலிருந்து எடுத்த படமே இருக்கிறது. தாய்லாந்து வளைகுடாவில் கணவாய் பிடிக்கும் படகுகளின் பச்சை விளக்கும் தெரிகிறது. நாம் எரிக்கும் விளக்கு நம்மைக் காட்டிக் கொடுக்கிறது. எனக்கு அந்தப் பச்சைதான் பிடிக்கும், யாரோ ராத்திரி கண்விழித்து வேலை பார்க்கிறார்கள்.

பிறை வாத்தியார்:

கோடிக் கணக்குக்கு என் வகுப்பில் நான் சொல்வது பினாங்குப் பாலம். முதல் பாலம், 1985-இல் திறந்தது. நீளம் 13.5 கிலோமீட்டர். பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டு. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்கு 100 கோடி, ஒரு மில்லிமீட்டருக்கு ஆயிரம் ஆண்டு.

பெருநிலக் கரையில் இருக்கும் எங்கள் பிறைப் பக்கம் பெருவெடிப்பு. டோல் கட்டுவதும் அந்தப் பக்கம்தான், பொருத்தம். பாதிப் பாலம் தாண்டினாலும் பூமி கிடையாது. தீவுக் கரைக்கு நாலரை கிலோமீட்டர் இருக்கும்போதுதான் பூமி பிறக்கிறது. உங்கள் பத்துமலைப் பாறை கடைசி 400 மீட்டரில். டைனோசர்கள் அழிந்தது 66 மீட்டரில். நம்மைப் போன்ற மனிதர்கள் வந்தது 30 சென்டிமீட்டரில், பையன்களின் அடிக்கோல் அளவு. சங்கப் புலவர்கள் கரைக்கு 2 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறார்கள். அம்மாவின் 82 ஆண்டு ஒரு தலைமுடியின் தடிமன்.

அந்த நிலையம் இந்தப் பாலத்தின் நீளத்தை இரண்டே விநாடிக்குள் கடந்துவிடும். இதையும் சொல்லுங்கள், ரசிப்பார்.

பாயான்பாரு நைட் ஷிப்ட்:

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, நேற்றுப் பட்டர்வொர்த்தில் அக்கா வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது செய்து பார்த்தேன். டோல் தாண்டியதும் ஆரம்பித்தேன். அம்மா முன் சீட்டில், மடியில் அக்கா கொடுத்த பலகாரப் பாத்திரம். மணிக்கு 80-இல் போனால் முழுப் பாலத்துக்கும் பத்து நிமிடம்தான். “இன்னும் பூமி வரலையா?” என்று மூன்று தடவை கேட்டார். கரை தெரியத் தொடங்கியதும் “இப்போ வந்துருச்சு” என்றேன். “இவ்வளவு நேரம் கடவுள் என்னடா பண்ணிக்கிட்டு இருந்தாரு?” என்றார்.

தலைமுடி கணக்கைக் கடைசியில் சொன்னேன். கொண்டையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“யாரு முடிடா? என்னுதா, உன்னுதா? என்னுது இப்ப ரொம்ப மெலிசாயிருச்சு.”