உட்காரவும் காசா? கொழும்பில் உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

வெள்ளவத்தை மகள்:
கொழும்பு 3 பக்கம் ஒரு கடைத்தொகுதி, பெயர் வேண்டாம். முன்னால் பெரிய முற்றம், மர நிழலில் வாங்குகள். ரோட்டோடு சேர்ந்தே இருப்பதால் எல்லோருக்கும் பொதுவான இடம் என்றுதான் தோன்றும். அம்மாவுக்குச் சீனி வருத்தம், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். வாங்கில் இருத்தி, வீட்டிலிருந்து கொண்டுபோன இடியப்பப் பார்சலைப் பிரித்துக் கொடுத்தேன். இரண்டு வாய் வைப்பதற்குள் செக்யூரிட்டித் தம்பி வந்துவிட்டார். ஹட்டன் பக்கத்துப் பிள்ளை. "அம்மா, வெளிச்சாப்பாடு இங்க சாப்பிட ஏலாது. மேல கமரா இருக்கு, எனக்குத்தான் ஏச்சு விழும்" என்று குனிந்து மெதுவாகச் சொன்னார். உள்ளே வாங்கிச் சாப்பிட்டால் எவ்வளவு நேரமும் இருக்கலாமாம். அம்மா ஒன்றும் பேசாமல் பார்சலைச் சுற்றி றப்பர் பாண்டைத் திரும்பப் போட்டார். அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபமில்லை. அந்த வாங்கை அங்கே போட்டவர்களில்தான் கோபம்.

ஏ.எல். மாணவி:
எங்களுக்கும் இதேதான். இரண்டு கிளாஸுக்கு நடுவில் இருந்து படிக்க இடமில்லை. கோப்பி வாங்கினால்தான் கதிரை. ஒரு கோப்பியை நாலு பேர் நடுவில் வைத்துக்கொண்டு இருந்தோம். மேசை துடைக்க வந்த அண்ணா அதே மேசையைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டே நின்றார். எழும்பிவிட்டோம்.

கொட்டாஞ்சேனை அக்கா:
எல்லோரும் கடைக்காரர்களையே குறை சொல்கிறீர்கள். பொதுப் பூங்காவில் பிள்ளைகளோடு இருந்தபோது ஒரு ஆள் எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தான். சொல்லியழ அங்கே ஒருவருமில்லை. டொய்லெட்டுக்குள் கால் வைக்க முடியாது. காவலும் தண்ணீரும் உள்ள இடத்துக்குத்தான் நான் போவேன். இலவசமாக வேண்டுமென்றால் காலிமுகத்திடல் இருக்கிறதுதானே?

கொம்பனித்தெருக்காரன்:
அக்கா, காலிமுகத்திடலில் ஒரு கல் இருக்கிறது, வாசித்திருப்பீர்கள். ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை. கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் அதைப் பேணும்படி பின்வருபவர்களைக் கேட்டு எழுதி வைத்தது. அதற்கு எதிரே இராணுவத் தலைமையகம் இருந்த காணியில் 10 ஏக்கரை 125 மில்லியன் டொலருக்கு ஷங்ரிலா ஹோட்டல் குழுமம் வாங்கியது. இந்தப் பக்கம் கடலை நிரப்பி 269 ஹெக்டயரில் துறைமுக நகரம். நடுவில் மிஞ்சிய புல்லைக் காட்டித்தான் "இருக்கிறதுதானே" என்கிறீர்கள்.

எங்கள் ஒழுங்கையில் பின்னேரமானால் கரம் போர்ட் வெளியே வரும். கதிரையும் வெளியே வரும். யாரும் யாரையும் எழும்பச் சொன்னதில்லை. இப்போது அந்த இடத்தில் மாடிக் கட்டடம், வாசலில் தடுப்புக் கம்பி. அங்கே பிறந்த எங்கள் வாப்பாவிடம் "யாரைப் பார்க்க வந்தீங்க?" என்று கேட்டார்கள். வாப்பா பதில் சொல்லவில்லை.

டொய்லெட் சுத்தமில்லை என்றால் சுத்தமாக்கச் சொல்லி மாநகர சபையைக் கேட்போம். அதற்காக இடத்தையே கொடுத்துவிடலாமா?

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்:
எனக்கும் ஒரு முறை குடையை மடித்துக்கொண்டு எழும்ப வேண்டி வந்தது, அதை விடுங்கள். இங்கே புலம்பிப் பயனில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும் மாநகர சபைக்கும் தனித்தனியே எழுதுங்கள். "ஏன் எழுப்பினீர்கள்" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. காணி யாருடையது, குத்தகை என்றால் எத்தனை வருடம், முற்றத்தைப் பொதுமக்களுக்குத் திறந்து வைக்கும் நிபந்தனை கட்டட அனுமதியில் இருக்கிறதா, இருந்தால் அதன் பிரதி என்று ஆவணமாகக் கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலரிடம் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் வாங்குங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. பிரதி எடுத்து வைக்க மறக்க வேண்டாம். தேதி முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கொட்டாஞ்சேனை அக்கா:
கொம்பனித்தெருத் தம்பி, இடத்தைக் கொடுக்க நான் எங்கே சொன்னேன்? என் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றுதான் சொன்னேன். இரண்டும் சேர்ந்து ஏன் கிடைக்காது?

வெள்ளவத்தை மகள்:
ஐயா, கட்டட அனுமதி நிபந்தனை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. திங்கட்கிழமை லீவு, கடிதத்தோடு போகிறேன். கொட்டாஞ்சேனை அக்கா, நீங்கள் சொன்ன பூங்கா எது? காவலும் டொய்லெட்டும் கேட்டு அதற்கும் ஒன்று எழுதுவோம்.