பங்குப் பள்ளி உதவிக்குழு: ஃபேனா, டீச்சரா?

*மேல்தெரு அன்பியம் (தெருக் குடும்பங்களோட ஜெபக்குழு):* ஸ்தோத்திரம். திருவிழா அசன (ஊர் விருந்து) கணக்கு முடிஞ்சு 40,000 மிச்சம். நம்ம பங்குக் கோயில் நடத்துற அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிக்கு எட்டு ஃபேன் வாங்கிரலாமா? றெக்கையில உபயம்னு எழுதிக்கலாம் 😄

*எலக்ட்ரீசியன் தம்பி:* அண்ணாச்சி, வாங்குறது லேசு, மாட்டணுமே. அது ஓட்டுக் கட்டடம். ரெண்டு வகுப்புல குறுக்குச் சட்டத்துல செல்லு, அதான் கரையான், ஏறியிருக்கு. ஸ்க்ரூடிரைவரை வச்சு அமுக்கினா மாவு மாதிரி கொட்டுது. அதுல கொக்கி போட்டா பிள்ளைங்க தலையில விழும். சுவத்துக்குச் சுவரு ஜிஐ பைப் குடுத்து அதுல தொங்கவிடணும். அந்தச் செலவையும் சேத்துக் கணக்குப் பாருங்க.

*எலக்ட்ரீசியன் தம்பி:* வாங்குறதா இருந்தா பிஎல்டிசி (கரண்ட் கம்மியா இழுக்குற மோட்டார்) ஃபேனா வாங்குங்க. பழசு 75 வாட், இது 35க்குள்ள. எட்டு ஃபேன் தினம் 6 மணி நேரம் ஓடினா நாளைக்குக் கிட்டத்தட்ட 2 யூனிட் மிச்சம். உபயம் எழுதுறவங்க கரண்ட் பில்லு கட்ட வரமாட்டாங்க.

*ஹெச்எம் சிஸ்டர்:* ஃபேன் வேண்டாம்னு சொல்லல. ஆனா நம்ம பிள்ளைங்க 54 பேரு. 60 வரைக்கும் அரசுச் சம்பளத்துல 2 டீச்சர்தான், அதுல நானும் ஒண்ணு. வகுப்பு அஞ்சு. நான் பிஇஓ (வட்டாரக் கல்வி அலுவலர்) ஆபீஸ் கூட்டத்துக்குப் போனாலோ, எமிஸ்ல (கல்வித்துறை இணையப் பதிவேடு) பதிவு பண்ண உக்காந்தாலோ, மத்த டீச்சர் அஞ்சு வகுப்பையும் ஒரே ஹால்ல வச்சுப் பாக்கணும். ஒண்ணாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக் குடுக்கும்போது அஞ்சாம் வகுப்பு சும்மா இருக்கும். பெற்றோர் அதைப் பாத்துட்டுத்தான் டிசி கேக்குறாங்க. எண்ணிக்கை குறைஞ்சா பணியிடமும் ஆட்டம் காணும்.

*கீழத்தெரு அன்பியம்:* அப்போ நிர்வாக டீச்சர், அதாவது நாமளே சம்பளம் குடுக்குற டீச்சர் ஒருத்தரைப் போடணும்ங்கிறீங்க.

*ஹெச்எம் சிஸ்டர்:* ஆமா. மாசம் 8,000. மே மாசமும் குடுக்கணும், இல்லன்னா ஜூன்ல வேற பள்ளிக்குப் போயிருவாங்க. வருஷம் 96,000. கழிவறை கழுவுற அக்காவுக்கு மாசம் 2,000 தனி. அதுக்கு அரசு மானியத்துல வழி இல்ல.

*பேரவைப் பொருளாளர்:* ஆக மாசம் 10,000. நம்ம பங்குல 130 தலைக்கட்டு (குடும்பம்). 100 குடும்பம் மாசம் 100 குடுத்தாப் போதும். 30 குடும்பத்தை விட்டுத்தான் கணக்குப் போட்டிருக்கேன், எந்த மாசமும் எல்லாரும் குடுக்கமாட்டாங்க. அசன மிச்சத்தைச் செலவழிக்காம வங்கியில வைங்க. மழைக்காலத்துல கடலுக்குப் போகாத மாசம் வசூல் படுக்கும், அப்போ அதுல எடுத்துச் சம்பளம் குடுத்துக்கலாம்.

*மேல்தெரு அன்பியம்:* பூசைக்குப் பிறகு வாசல்ல "பள்ளிக்கு"ன்னு ஒரு உண்டியல் வச்சா?

*பேரவைப் பொருளாளர்:* வைக்காதீங்க. கோயில் உண்டியல் வேற, பள்ளிக்குன்னு எழுதிப் பேர் இல்லாம வாங்குறது வேற. பேர் தெரியாத பணம் வருஷம் 1 லட்சத்தைத் தாண்டினா 30 சதவீத வரிப் பேச்சு வந்துரும். கவர் அடிப்போம்: குடும்ப எண், பேர், அன்பியம், மாசம், தொகை. முதல் ஞாயிறு கவர் வாங்கி, ரெண்டு பேர் சேந்து எண்ணி, ரெண்டு பேரும் கையெழுத்து. அன்னைக்கே ரசீது.

*தாளாளர் ஃபாதர்:* முக்கியமான ஒண்ணு. இந்தக் கவரைப் பள்ளி ஆபீஸ்ல யாரும் வாங்கக்கூடாது. சேர்க்கை நேரத்துல கண்டிப்பா கூடாது. உதவிபெறும் பள்ளியில சேர்க்கையோட சேத்து எது வாங்கினாலும் நன்கொடைக் கொள்ளைன்னுதான் மனு போகும், 1992லயே அதுக்குச் சட்டம் இருக்கு. பிள்ளை படிக்குற வீடு, படிக்காத வீடு எல்லாருக்கும் ஒரே கவர். குடுக்காத வீட்டைப் பத்திப் பேச்சே வரக்கூடாது. மானியக் கணக்குலயும் இந்தப் பணம் கலக்கக்கூடாது, தணிக்கையில மாட்டும்.

*துபாய் மச்சான்:* ஃபாதர், நாங்க இங்க 12 பேரு இருக்கோம். மொத்தமா அனுப்பவா?

*பேரவைப் பொருளாளர்:* மச்சான், தனித்தனியா அனுப்புங்க. இந்திய பாஸ்போர்ட் இருந்து சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நிதி இல்ல. பாஸ்போர்ட் நகலும் சேத்து அனுப்பிருங்க.

*சிங்கப்பூர் சித்தி:* எனக்கு ஊர் வங்கியில என்ஆர்இ (வெளிநாட்டுல இருக்கவங்களுக்கான) கணக்கு இருக்கே, அதுல இருந்து போட்டா?

*பேரவைப் பொருளாளர்:* நீங்க சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிட்டீங்க சித்தி. கணக்கு எங்க இருக்குன்னு பாக்கமாட்டாங்க, குடியுரிமையைத்தான் பாப்பாங்க. ஓசிஐ (இந்திய வம்சாவளி வெளிநாட்டவர்) அட்டை இருந்தாலும் அது வெளிநாட்டு நிதிதான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு உள்ள அமைப்புதான் வாங்க முடியும், அதுவும் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச் கணக்குல. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்த அமைப்பு வாங்கி இன்னொரு அமைப்புக்கு மாத்திக் குடுக்கவும் முடியாது.

*சிங்கப்பூர் சித்தி:* தம்பி பேருக்குப் போட்டு அவன் குடுத்தா?

*பேரவைப் பொருளாளர்:* கை மாறினாலும் அது வெளிநாட்டுப் பணம்தான். வேண்டாம் சித்தி. லீவுக்கு வரும்போது அஞ்சாம் வகுப்புக்கு ஒரு வாரம் இங்கிலீஷ் வாசிக்கச் சொல்லிக் குடுங்க, அதுல பணமே இல்ல 🙏

*மேல்தெரு அன்பியம்:* பிறந்தநாளுக்குப் பிள்ளைங்களுக்குச் சாப்பாடு போடுறவங்களை என்ன சொல்றது?

*ஹெச்எம் சிஸ்டர்:* மதியம் சத்துணவு இருக்கு. 2024 ஜூலையில இருந்து கிராமத்து உதவிபெறும் தொடக்கப்பள்ளிக்குக் காலை உணவும் வந்தாச்சு. நீங்க பிரியாணி கொண்டுவந்தா சமைச்சது குப்பைக்குப் போகும், பதிவேட்டுலயும் குழப்பம். நோட்டும் பையும் அரசே தருது. பிறந்தநாள்னா 54 வாழைப்பழம், இல்லன்னா நூலகத்துக்குப் படக்கதைப் புத்தகம். ரெண்டு நாள் முன்னாடி எனக்கு ஒரு போன்.

*கீழத்தெரு அன்பியம்:* நன்றி சொல்றது எப்படி? பூசையில தொகையோட பேர் வாசிப்பமே?

*தாளாளர் ஃபாதர்:* பேர் வாசிப்போம், தொகை வேண்டாம். தொகை வாசிச்சா 100 குடுக்குற அம்மா அடுத்த மாசம் கவரே குடுக்கமாட்டாங்க. போர்டுலயும் அகர வரிசைதான். பிள்ளையை நிக்கவச்சு நோட்டு குடுக்குற போட்டோ வேண்டவே வேண்டாம்.

*ஹெச்எம் சிஸ்டர்:* மூணு மாசத்துக்கு ஒருக்கா ஒரு தாள் ஒட்டுறேன்: வந்தது, செலவானது, மிச்சம். கூடவே எத்தனை பிள்ளைங்க தடுமாறாம வாசிக்குறாங்கன்னு ஒரு வரி. டிசம்பர்ல நாலாம், அஞ்சாம் வகுப்புப் பிள்ளைங்க ஆளுக்கு நாலு வீட்டுக்குக் கடிதம். நான் திருத்தமாட்டேன், எழுத்துப்பிழையோடதான் வரும்.

*துபாய் மச்சான்:* 80ஜி (நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு) ரசீது உண்டா?

*பேரவைப் பொருளாளர்:* மறைமாவட்டச் சங்கக் கணக்குல போட்டா அங்க இருந்து வரும். 2,000க்கு மேல ரொக்கமா குடுத்தா வரிக் கழிவு கிடையாது, பொருளா குடுத்தாலும் கிடையாது. பழைய வரிமுறையில இருக்கவங்களுக்குத்தான் பலன். பான் நம்பரும் முகவரியும் வேணும்.

*துபாய் மச்சான்:* 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

*பேரவைப் பொருளாளர்:* நல்லவேளை நீக்கிட்டீங்க. பான் நம்பரைக் குழுவுல போடாதீங்க மச்சான், எனக்குத் தனியா அனுப்புங்க.