புதுப்பிப்பு: எந்த மென்பொருளிலும் நிரப்பக்கூடிய படிவம், வழி கிடைத்துவிட்டது

டாக்எக்ஸ் (வேர்டின் .docx) கோப்பாகச் செய்த விண்ணப்பப் படிவத்தை வேறொரு ஆபிஸ் மென்பொருளில் திறந்தால் பெட்டிகள் இடம் மாறிவிடுகின்றன, தேர்வுப்பட்டியல் விரியவே மாட்டேன் என்கிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நிரப்புகிறவர்களுக்கு டாக்எக்ஸ் அனுப்புவதையே விட்டுவிட்டேன். லிப்ரே ஆபிஸ் ரைட்டர் என்ற இலவச ஆவண மென்பொருளில் படிவத்தைச் செய்து, பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்யும்போது படிவம் உருவாக்கும் தேர்வை டிக் செய்கிறேன். இப்போது பிரவுசரிலேயே திறந்து நிரப்புகிறார்கள்.

ரொம்ப நேரம் தின்றது ஒரே ஒரு விஷயம்தான். முதல் பக்கத்தில் எழுதும் பெயர் மூன்றாம் பக்கத்திலும் தானாக விழ வேண்டும். இரண்டு பெட்டிக்கும் 'பெயர்' என்றே புலப்பெயர் (மென்பொருள் அந்தப் பெட்டியை அடையாளம் காணும் பெயர்) கொடுத்தும் விழவில்லை. காரணம், ஒரே புலப்பெயர் திரும்ப வருவதை அனுமதிக்கும் தேர்வு அந்த ஏற்றுமதித் திரையிலேயே தனியாக இருக்கிறது. அதை டிக் செய்யாததால் மென்பொருளே ஒவ்வொரு பெட்டிக்கும் வேறு பெயர் சூட்டியிருக்கிறது! டிக் செய்ததும் ஓர் இடத்தில் தட்டச்சு செய்தது மற்ற இடத்திலும் வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

டேப் விசையை அழுத்தினால் எந்தப் பெட்டிக்கு அடுத்து எது வருகிறது என்ற வரிசையையும் சரிபார்த்துவிடுங்கள், மவுஸ் தொடாமல் நிரப்புகிறவர்கள் நிறைய பேர். ரைட்டரில் செய்த மூலக் கோப்பை (.odt) அழித்துவிடாதீர்கள். திருத்தமெல்லாம் அதில்தான்.