முதல் கடனட்டை: நிலையான வைப்பைப் பிணையாக வைத்து எடுக்கலாமா?

மேற்பிரிவு:
தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கிறேன். ஹட்டன் நகரில் ஒரு மருந்தகத்தில் வேலை செய்கிறேன். கடனட்டைக்கு விண்ணப்பித்தேன். கடன் வரலாறு போதாது என்று மறுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் யாரும் வங்கிக் கடன் எடுத்ததில்லை, அதுவே இப்போது குறையாகிவிட்டது. கிளையில் இருந்த உத்தியோகத்தர், ஒரு இலட்சம் ரூபாயை நிலையான வைப்பில் போட்டால் அதன் பேரில் அட்டை தரலாம் என்கிறார். எனக்கு விழுந்த சீட்டுப் பணம் கையில் இருக்கிறது. இன்னும் சில ஆண்டுகளில் எங்கள் 7 பேர்ச் காணியில் வீடு கட்டக் கடன் கேட்க வேண்டியிருக்கும், அதற்கு முன் ஒரு நல்ல பதிவு இருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். போடலாமா?

கொட்டகலையான்:
வேண்டாம் தங்கச்சி. சொந்தப் பணத்தை வங்கியில் பூட்டிவைத்துவிட்டு, அதே வங்கியிடம் வட்டிக்குக் கடன்படுவதில் என்ன நியாயம் இருக்கிறது? 2020 ஓகஸ்டில் இலங்கை மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு 18 வீதம் என்று உச்சவரம்பு போட்டிருந்தது. 2022 ஏப்ரலில் அதை நீக்கியதும் வட்டி 36 வீதம் வரை ஏறியது. பிறகு இறங்கியது உண்மை. மறுபடி ஏறாது என்று யார் கையெழுத்துப் போட்டுத் தருவார்? 36 வீதத்தில் 50,000 ரூபாய் நிலுவைக்கு மாத வட்டி 1,500 ரூபாய். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350. அந்தச் சம்பளத்தில் அம்மா ஒரு நாள் முழுவதும் மலையேறிக் கொழுந்து பறித்திருந்தாலும் அந்த வட்டிக்குக் கண்டிருக்காது. இணையத்தில் பணம் கட்டத்தான் வேண்டுமென்றால் டெபிட் அட்டையிலேயே கட்டலாம்.

ஹட்டன் காசாளர்:
வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் சொல்கிறேன். கொட்டகலைத் தம்பியின் கணக்கில் பிழையில்லை, ஆனால் அது நிலுவை வைப்பவருடைய கணக்கு. வங்கி அனுப்பும் மாதக் கணக்குக் கூற்றில் உள்ள முழுத் தொகையையும் இறுதித் திகதிக்குள் கட்டிவிட்டால் வாங்கிய பொருளுக்கு வட்டியே இல்லை. ஆபத்து 'குறைந்தபட்சக் கட்டணம்' என்ற வரியில் இருக்கிறது. பொதுவாக அது 5 வீதம். தம்பி சொன்ன 50,000 ரூபாய்க்கு 2,500. அதை மட்டும் கட்டினால் 1,500 வட்டிக்கே போய்விடும், கடன் 1,000 ரூபாய்தான் குறையும். அதோடு, நிலுவை இருக்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். ஏடிஎம்மில் அந்த அட்டையால் காசு எடுப்பதை மறந்தே விடு பிள்ளை. அதற்கு வட்டியில்லாச் சலுகைக் காலமும் கிடையாது, தனிக் கட்டணமும் உண்டு.

இனி, உன் விண்ணப்பம் ஏன் மறுக்கப்பட்டது என்று பார். 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த, கடன் எடுத்தவர்களின் பதிவுகளை வைத்திருக்கும் கொடுகடன் தகவல் பணியகத்தை எல்லோரும் கிரிப் என்கிறார்கள். கிரிப்பில் பெயர் விழுந்தால் வாழ்க்கை போய்விட்டது என்று நம் மக்கள் பயப்படுகிறார்கள். அது கடன் கட்டாதவர்களின் பட்டியல் அல்ல. ஒழுங்காகக் கட்டியதும் அங்கேதான் பதிவாகும். கடன் தருவதா மறுப்பதா என்று முடிவெடுப்பது வங்கி, பணியகம் அல்ல. தோட்டத்துக் கடையில் கடன் எழுதும் பற்றுக் கொப்பியை மாதந்தோறும் தவறாமல் தீர்க்கிற மனிதர்கள் எத்தனை பேர்! சீட்டுக் காசை ஒரு நாளும் பிந்தாமல் கட்டுகிற பெண்கள் எத்தனை பேர்! அந்த நாணயத்துக்கு வங்கியின் கணினியில் ஒரு வரிகூட இல்லை. இந்த அநியாயத்தை நான் வருடக்கணக்காகக் கவுண்டரின் உள்ளேயிருந்து பார்த்தேன். ஒரு வரியாவது எழுதப்பட வேண்டும், வைப்பின் பேரில் எடுக்கும் அட்டை அதற்கு நல்ல வழி. வைப்புக்கு உரிய வட்டியும் உனக்கே வரும்.

கொட்டகலையான்:
ஐயா, முழுவதும் கட்டினால் வட்டி இல்லை என்பது காகிதத்தில் சரி. தோட்டத்து லய வீடுகளில் இருந்துகொண்டு முழுவதும் கட்ட முடிகிறதா என்பதுதான் என் கேள்வி. எங்களுக்குத் தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, யார் கையிலாவது நாங்கள் இருக்கும் தோட்டப் பிரிவுக்குப் போய்ச் சேர வேண்டும். என் அண்ணனுடைய மாதக் கூற்று இறுதித் திகதி கழிந்த பிறகே கைக்கு வந்தது. தாமதக் கட்டணம் அவன் தலையில். அந்தத் தாமதமும் நீங்கள் சொல்லும் அதே பதிவில் ஏறும் அல்லவா?

ஊவாக்காரி:
முகவரி விடயத்தில் கொட்டகலைத் தம்பி சொல்வது முற்றிலும் உண்மை. தங்கச்சி, கூற்றை மின்னஞ்சலுக்கும் குறுஞ்செய்திக்கும் கேள். சம்பளம் விழும் கணக்கிலிருந்து மாதந்தோறும் முழு நிலுவையும் தானாகவே கழியும்படி எழுதிக் கொடு. படிவத்தில் குறைந்தபட்சம், முழுத் தொகை என்று இரண்டு கட்டங்கள் இருந்தால் எதில் அடையாளம் போடுகிறாய் என்று கவனமாகப் பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் பதுளையில் ஆசிரியை. எங்கள் பாடசாலையில் ஒருவர் கடனுக்கு மற்றவர் பிணை நிற்பது வழக்கம், மறுத்தால் முகம் சுளிப்பார்கள். என் சக ஆசிரியை ஒருவர் அப்படிப் பிணை நின்றார். கடன் எடுத்தவர் கட்டவில்லை. இவர் வீட்டுக் கடனுக்குப் போனபோது அந்தக் கடன் இவருடைய கிரிப் அறிக்கையில் நின்றது. அட்டையைப் பற்றி இவ்வளவு பயப்படுகிறோம், பிணைப் பத்திரத்தில் மட்டும் தேநீர் குடித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறோம். உன் அறிக்கையை நீயே விண்ணப்பித்துப் பெறலாம், முதலில் அதைப் பார்த்துவிடு.

மேற்பிரிவு:
கொட்டகலை அண்ணன், பதிவுக்காக நிதி நிறுவனமொன்றில் சிறிய தவணைக் கடன் எடுத்தால் என்ன?

கொட்டகலையான்:
அதில் எனக்கு ஆட்சேபம் குறைவு. தவணை எவ்வளவு, எத்தனை மாதம் என்று முதல் நாளே தெரியும். முடிவு தெரிந்த கடன் அது. அட்டைக்கு முடிவு இல்லை.

ஹட்டன் காசாளர்:
உரிமம் பெற்ற நிறுவனமாக இருந்தால் அந்தத் தவணையும் பதிவாகும், சரிதான். ஆனால் தேவையில்லாத பொருளுக்குக் கடன் எடுத்து, பதிவுக்காக வட்டி கட்டுவதை நான் ஏற்கமாட்டேன். அட்டையில் மாதம் ஒரு தொலைபேசிக் கட்டணம் கட்டி, அதை முழுமையாக அடைத்தால் ஒரு சதம்கூட வட்டி இல்லை. ஒரேயடியாக நான்கைந்து வங்கிகளில் விண்ணப்பம் போடாதே, யார் யார் உன் அறிக்கையை விசாரித்தார்கள் என்பதும் அதில் தெரியும். கிளையில் கேட்க வேண்டியவை: ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, எத்தனை மாதம் ஒழுங்காகக் கட்டினால் வைப்பை விடுவிப்பார்கள், அட்டையை இரத்துச் செய்தால் வைப்பு எப்போது கைக்கு வரும். பதிலை எழுத்தில் வாங்கு. பிணக்கு வந்து வங்கி தீர்க்காவிட்டால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

மேற்பிரிவு:
முடிவெடுத்துவிட்டேன். வைப்பின் பேரில் அட்டையே எடுக்கிறேன். அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன். அண்ணனுக்குக் கோபமா?

கொட்டகலையான்:
கோபமில்லை, மனம் ஒப்பவில்லை. போவதானால் ஒரு இலட்சத்தையும் போடாதே. பாதியை ஏற்பார்களா என்று கேள், மீதியைச் சேமிப்புக் கணக்கிலேயே விட்டுவை. பிணையில் இருக்கும் வைப்பை நினைத்த நேரத்தில் எடுக்க முடியாது. அம்மாவுக்குத் திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் நீ அட்டையைத்தான் நீட்டுவாய், முதல் நிலுவை அங்கேதான் தொடங்கும்.