சுகமாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தப் பார்க்கும் தம்பி

வெள்ளவத்தை அக்கா:
தம்பிக்கு இருதுருவ மனநிலைக் கோளாறு, மனம் ஒரு காலம் அளவுக்கு மீறிப் பொங்கும், ஒரு காலம் ஒரேயடியாகச் சோர்ந்துவிடும். அதற்கு லித்தியம் மாத்திரை எடுக்கிறான். இப்போது தெளிவாக இருக்கிறான், அதனாலேயே "இனி எதற்கு மாத்திரை?" என்கிறான். நேர்த்தி வைத்து நூல் கட்டிய பிறகுதான் சுகமானது என்பது அம்மாவின் கட்சி. பெண் வீட்டார் வந்தால் கண்ணில் பட்டுவிடும் என்று மாத்திரைப் பெட்டியை அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார். இரவில் அவன் தேடுவதும் இல்லை.

உண்மையான காரணம் வேறு. புறக்கோட்டையில் புடைவைக் கடையில் நிற்கிறான். துணி அளக்கும்போது கை நடுங்குகிறது. "குடித்துவிட்டா வந்தாய்?" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் கேட்டாராம். இதைக் கிளினிக்கில் சொல்கிறானா? டாக்டர் சிங்களத்தில் கேட்கிறார். வியாபாரம் பேசுகிற சிங்களம் இவனுக்கு உண்டு. மனதில் இருப்பதைச் சொல்கிற சிங்களம் இல்லை. "ஹொந்தாய்" (நல்லது) என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறான். நான் என்ன செய்யலாம்?

கொட்டாஞ்சேனை மருந்தாளர்:
லித்தியத்தால் கை இலேசாக நடுங்குவது பலருக்கும் உண்டு. அளவை மாற்றியோ வேறு மருந்து சேர்த்தோ டாக்டரால் குறைக்க முடியும். தானாகச் சட்டென்று நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து அதிகம். கடைசி மாத்திரை எடுத்து 12 மணி நேரம் கழித்து இரத்தத்தில் லித்தியம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள். உடம்பு வலிக்கு ஐபுபுரோஃபன் வேண்டாம், இரத்தத்தில் லித்தியத்தைக் கூட்டிவிடும். பனடோல் போதும். நடுக்கம் பலத்து, வாந்தி, தள்ளாட்டம், நாக்குழறல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

தெகிவளை, உளநலத் துறை:
அக்கா, அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசும் நோயாளிகள் மருந்தை விடுவதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நம் வீடுகள்தான் நினைவுக்கு வரும். டாக்டரின் மொழி வேறு, வெளியில் தெரிந்தால் வெட்கம், முடிவு குடும்பத்தின் கையில். காப்புறுதி இல்லாததும் அங்கே பெரிய தடை. இங்கே அரச வைத்தியசாலையில் மருந்து இலவசம். மனச்சிதைவு நோயுள்ள மெக்சிக்க வம்சாவளியினரிடம் நடந்த ஓர் ஆய்வு 2012-இல் வெளியானது. குடும்பங்களையும் சேர்த்து உட்கார்த்தி, மருந்து எடுப்பதையே முக்கியமாகப் பேசிய குழுக்களில் இருந்தவர்கள் மற்றவர்களைவிட மருந்தை ஒழுங்காக எடுத்தார்கள்.

ஆகவே அம்மாவையும் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். நூலை அவிழ்க்கச் சொல்லாதீர்கள். நூலும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும். கை நடுக்கத்தையும் முதலாளி கேட்டதையும் ஒரு தாளில் எழுதி, சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கொண்டு டாக்டரிடம் சொல்ல வையுங்கள். இடையில் அவசரம் என்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926-ஐ அழையுங்கள்.

வெள்ளவத்தை அக்கா:
அம்மா வரச் சம்மதித்துவிட்டார். தாளைத் தம்பியே எழுதுகிறானாம்.