பத்து வயது மகளுக்குத் துப்பறியும் கதைகளை எங்கிருந்து தொடங்கித் தருவது?

கேள்வி: அம்மாப்பேட்டை வாசகி

அனைவருக்கும் வணக்கம். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள், கோடை விடுமுறையில் தாத்தா வீட்டுப் பரணிலிருந்த பழைய மாத நாவல் கட்டை இறக்கி, எங்களுக்குத் தெரியாமல் இரண்டை முழுதாகப் படித்துவிட்டாள். ஒருநாள் இரவு நான் ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது, “விஷம் கலந்தால் ரசத்தின் நிறம் மாறுமா?” என்று அவள் கேட்டதில்தான் விஷயம் வெளியே வந்தது. கட்டைத் திரும்பப் பரணில் ஏற்றிவிட்டோம். ஆனால் யார் செய்தது, எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்ற அந்த ஆர்வத்தையும் சேர்த்து மூட்டை கட்ட எனக்கு மனம் வரவில்லை. தமிழ்வழியில் படிக்கிறாள், ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். இந்த வயதுக்கு ஒவ்வாதவை இல்லாமல், புதிரின் சுவையும் குறையாமல், எதை எப்படிக் கொடுக்கலாம்?

பதில்: செவ்வாய்ப்பேட்டை

புத்தகத்திற்கு முன் வாய்க்கதையில் தொடங்குங்கள், சகோதரி. என் தந்தை வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர் என்பதால், என் பிள்ளைகளுக்கு நான் சொன்ன முதல் துப்பறியும் கதையே பட்டறையில்தான் நடந்தது. முதலாளி வெளியூர் போயிருக்க, தொழில் தெரியாத மருமகன் காலையில் 500 கிராம் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். மாலையில் கொலுசும் மிச்சத் துண்டுகளும் சேர்ந்து 496 கிராம்தான் நிற்கின்றன. யாரும் வெளியே போகவில்லை, சட்டைப்பைகளையெல்லாம் உதறிப் பார்த்தாகிவிட்டது, சந்தேகம் புதிதாகச் சேர்ந்த பையன்மீது விழுகிறது.

பொழுது சாய்ந்ததும் பையன் தரையைக் கூட்டி, குப்பையைத் தெருவில் கொட்டாமல் மூலையிலிருந்த டப்பாவில் போட்டான் என்ற ஒரு வரியை, எடை பார்ப்பதற்கு முன்பே, வேறு எதையோ சொல்வதுபோலச் சொல்லிவைத்துவிடுவேன். அரத்தால் அராவும்போது உதிரும் வெள்ளிப்பொடி அந்தத் தூசியில்தான் கிடக்கும். அதைச் சேர்த்துவைத்துப் பின்னர் வெள்ளியைப் பிரித்தெடுப்பது தொழிலில் உள்ளதுதான். விடையை நான் சொல்லவில்லை. மூத்தவன் மூன்று நாள் மருமகனையே சந்தேகப்பட்டான், திருத்தாமல் விட்டேன். நான்காம் நாள் இளையவள், “குப்பையை எதற்கு டப்பாவில் போட்டான்?” என்றாள். கண்முன் கிடந்ததைத் தானே கவனிக்கவில்லை என்று தெரியும்போது பிள்ளையின் முகத்தில் வரும் வெட்கச் சிரிப்புக்காகவே இவ்வகைக் கதையைச் சொல்லலாம்.

பதில்: ஏற்காடு, ஓய்வுபெற்ற ஆசிரியர்

நண்பர் சொன்னதை வழிமொழிகிறேன். துப்பறிபவருக்குக் கிடைத்த தடயம் உடனே வாசகருக்கும் காட்டப்பட வேண்டும் என்பது, ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் வகுத்த பத்து விதிகளுள் ஒன்று.

எங்கள் மலையில் சிக்கல் வேறு. மூடுபனி, காப்பித் தோட்டம், பூட்டிக் கிடக்கும் பங்களா ஆகியவை வந்துவிட்டாலே துப்பறியும் கதை ஆகிவிட்டதாக இங்குள்ள பிள்ளைகள் நினைக்கிறார்கள்; எழுதச் சொன்னால் கடைசியில் வெள்ளைச் சேலை கட்டிய ஒருத்தி வந்து நிற்பாள். அது பேய்க்கதை. முதல் பக்கத்தில் அவளைப் பற்றி ஒரு துப்பாவது வைத்திருக்கிறாயா என்று கேட்டால் விழிப்பார்கள்.

நூல்களில் நான் முதலில் எடுப்பது, எரிக் கேஸ்ட்னர் ஜெர்மன் மொழியில் 1929-இல் எழுதிய ‘எமிலும் துப்பறிவாளர்களும்’. பெர்லினுக்கு ரயிலில் தனியே போகும் சிறுவன், கோட்டின் உட்பையில் ஊசி குத்திப் பத்திரப்படுத்திய 140 மார்க் பணத்தைப் பறிகொடுக்கிறான். நகரத்துச் சிறுவர் பட்டாளம் திருடனைத் தொடர்கிறது. கொலை கிடையாது. ஆங்கிலத்தில் நீங்கள் வாசித்து, இரவில் ஓர் அத்தியாயமாகத் தமிழில் சொல்லலாம். அந்த ஊசியை மகள் மறக்காமல் இருக்கிறாளா என்று மட்டும் பாருங்கள். அடுத்து, சத்யஜித் ராய் ‘சந்தேஷ்’ சிறுவர் இதழில் 1965-இல் தொடங்கிய ஃபெலுடா கதைகள். தமிழிலும் வந்துள்ளன. கதையைச் சொல்பவன் ஃபெலுடாவின் தம்பி முறையான தோப்ஷே என்ற சிறுவன் என்பதால், வாசிக்கும் பிள்ளைக்குத் தோன்றும் சந்தேகங்களை அவனே கேட்டுவிடுகிறான். சிலவற்றில் கொலை உண்டு. ஆகவே நீங்கள் முதலில் படித்துவிடுங்கள். ஹோம்ஸ் இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்கட்டும்.

பேரனைச் சேலத்திலிருந்து அழைத்துவரும்போது பேருந்திலேயே புதிரைத் தொடங்கிவிடுவேன். இருபதாவது கொண்டை ஊசி வளைவுக்குள் அவன் விடை சொல்லாவிட்டால், மலையிறங்கும் நாள்வரை நான் வாய் திறப்பதில்லை.

பதில்: சூரமங்கலம்

சற்றே மாறுபடுகிறேன். அயல்நாட்டுக்குப் போகும் முன் தேவனின் துப்பறியும் சாம்புவை வாசித்துக் காட்டுங்கள். வங்கிக் குமாஸ்தாவான சாம்பு தடயங்களை ஆராய்ந்து வெல்வதில்லை, அசட்டு அதிர்ஷ்டத்தால் வெல்கிறார் என்பது உண்மைதான்; நாக்ஸின் விதியும் தற்செயலை ஒப்பாது. ஆனாலும் சிரித்த பிள்ளை அடுத்த கதைக்குத் தானே வந்து உட்காரும். பரணைப் பொறுத்தவரை, ஒருமுறை ஏறியவளுக்கு ஏணி இருக்கும் இடம் தெரியும் என்பதை நினைவில் வையுங்கள்.

மறுமொழி: அம்மாப்பேட்டை வாசகி

அனைவருக்கும் நன்றி. சாம்புவை இரண்டாவதாக வைத்துக்கொள்கிறேன். தடயம் தேடப் பழகிய பிறகு படித்தால்தான் அவர் எதையும் தேடாமல் வெல்வதன் வேடிக்கை அவளுக்கு முழுதாகப் புரியும் என்று தோன்றுகிறது. கொலுசுப் பட்டறைக் கதையை நேற்று இரவு சொன்னேன். பையனை அவள் சந்தேகப்படவே இல்லை. டப்பாவையும் உடனே பிடித்துவிட்டாள். பிறகு, “டப்பாத் தூசியில் மூன்று கிராம்தான் கிடைத்தது என்றால், துடைப்பத்தை உதறிப் பார்த்தார்களா?” என்று கேட்டாள். செவ்வாய்ப்பேட்டை நண்பர்தான் பதில் சொல்ல வேண்டும்.