உதவி: எடை குறைந்த ஷாட்கன், தங்கையால் உதையைத் தாங்க முடியவில்லை

புதுக்குறி:
வணக்கம். என் தங்கை இப்போதுதான் களிமண் தட்டு சுடப் பழகுகிறாள். அவளுக்குத் தூக்கச் சுலபமாக இருக்க வேண்டும் என்று லேசான துப்பாக்கியாகப் பார்த்து வாங்கினோம். தோளில் முட்டுக்கொடுக்கும் மரக்கட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே வெற்றிடமாக இருக்கும் பிளாஸ்டிக் கட்டை மாட்டியிருக்கிறேன். ஆனாலும் உதை பயங்கரமாக இருக்கிறது. ஒரு பெட்டி தோட்டா முடிவதற்குள் கையில் நீலம் பூத்துவிட்டது, இனி வரமாட்டேன் என்கிறாள். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏதாவது செய்ய வேண்டும். கட்டையின் பின்முனையில் தடித்த ரப்பர் பேட் போதுமா? குழல் முனையில் ஏதாவது பொருத்தலாமா? விரைவாகச் சொல்லுங்கள்.

எடைக்கல்:
எத்தனை போர் (குழல் விட்டத்தின் அளவு, எண் கூடினால் குழல் சிறிது)? துப்பாக்கி எத்தனை கிலோ? பம்ப்பா (முன்பிடியைக் கையால் இழுத்து ஏற்றுவது), இரட்டைக்குழலா, செமி ஆட்டோவா (அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றுவது)? தோட்டாப் பெட்டியில் ரவை (உள்ளே இருக்கும் சிறு குண்டுகள்) எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறது? இவை தெரியாமல் யார் என்ன சொன்னாலும் ஊகம்தான்.

தோள்குழி:
கையில் நீலம் என்றால் எந்த இடத்தில்? மேல்கைத் தசையிலா, தோள்பட்டைக்கு உள்ளே இருக்கும் குழியிலா? இரண்டுக்கும் காரணம் வேறு. தங்கையின் உயரத்தையும் எழுதுங்கள்.

தானியங்கி:
எந்தத் துப்பாக்கியாக இருந்தாலும் சரி, அதைக் கொடுத்துவிட்டு வாயுவால் இயங்கும் செமி ஆட்டோ வாங்குங்கள். வெடிவாயுவில் ஒரு பங்கு பிஸ்டனைத் தள்ளுகிறது, தோட்டாவின் பின்னால் அடைத்து நிற்கும் போல்ட் பின்னால் ஓடி ஸ்பிரிங்கை அமுக்குகிறது. ஒரே அடியாக விழ வேண்டிய உதை, நேரத்தில் நீண்டு தள்ளலாக வருகிறது. புதியவர்களுக்கு இதைவிட நல்லது எதுவும் இல்லை.

மஞ்சள்தோட்டா:
20 போருக்கு மாறுங்கள். பிரச்சினை தீர்ந்தது.

எடைக்கல்:
மஞ்சள்தோட்டா, அது பாதி உண்மைதான். உதையைத் தீர்மானிப்பது குழலின் விட்டம் அல்ல. வெளியே போகும் ரவையின் எடை, அதன் வேகம், துப்பாக்கியின் எடை ஆகிய மூன்றும்தான். 20 போரிலும் 28 கிராம் தோட்டா விற்கிறார்கள். துப்பாக்கியோ இன்னும் லேசாக இருக்கும். அப்படிச் சுட்டால் இருந்ததைவிட மோசமாகவும் உதைக்கலாம்.

இன்னொன்று. ஒரே பையில் 12 போர் தோட்டாவும் 20 போர் தோட்டாவும் கலக்கவே கூடாது. 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவழியில் சிக்கிக்கொள்ளும். அதை அறியாமல் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் பிளந்துவிடும். 20 போருக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பது இந்த ஆபத்துக்காகத்தான்.

இரட்டைக்குழல்:
தம்பி, இதே கேள்வி எத்தனை பேரிடமிருந்து வந்துவிட்டது! வாங்குவதற்கு முன் கேட்டிருந்தால் பதில் ஒரே வரி. லேசான துப்பாக்கி, நாளெல்லாம் நடந்துவிட்டு எப்போதாவது ஒரு முறை சுடுபவருக்காகச் செய்யப்படுவது. தட்டு சுடுபவர்கள் மூன்றரைக் கிலோவும் அதற்கு மேலும் தூக்குவது பலத்தைக் காட்டுவதற்காக அல்ல. துப்பாக்கி லேசானால் உதை கூடும். இது பள்ளிக்கூடத்து இயற்பியல். போதாக்குறைக்கு மரக்கட்டையையும் கழற்றியிருக்கிறீர்கள். முதலில் அதைத் திரும்ப மாட்டுங்கள், பிறகு பேசலாம்.

புதுக்குறி:
12 போர் பம்ப். இப்போது 2.7 கிலோ. நீலம் மேல்கையில்தான், தோளுக்குச் சற்றுக் கீழே. கன்னமும் வலிக்கிறதாம். தங்கையின் உயரம் 157 செ.மீ. தோட்டா கடைக்காரர் கொடுத்தது, சிவப்புப் பெட்டி. நல்ல தோட்டா என்றுதான் சொன்னார்.

எடைக்கல்:
நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பெட்டியின் பக்கவாட்டில் கிராம் கணக்கு அச்சிட்டிருக்கும். பார்த்து எழுதுங்கள்.

புதுக்குறி:
36 கிராம். 70 மி.மீ. என்றும் போட்டிருக்கிறது.

எடைக்கல்:
அங்கேதான் இருக்கிறது விஷயம். ரவையோடு, அதன் பின்னால் இருக்கும் ‘வாட்’ என்ற அடைப்பையும் வெடிவாயுவையும் சேர்த்து, ரவை நொடிக்கு 400 மீட்டர் அளவில் போகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3.5 கிலோ துப்பாக்கியில் 28 கிராம் தோட்டா சுட்டால் ஏறக்குறைய 26 ஜூல் உதை. உங்கள் 2.7 கிலோவில் அதே தோட்டா ஏறக்குறைய 34 ஜூல். அதே துப்பாக்கியில் 36 கிராம் போட்டால் 55 ஜூலைத் தாண்டும். அனுபவம் உள்ளவர் பயிற்சியில் வாங்குவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஒரு புதிய தோள் வாங்கியிருக்கிறது. அவள் வரமாட்டேன் என்றதில் வியப்பே இல்லை.

24 கிராம் தோட்டா வாங்குங்கள். உங்கள் லேசான துப்பாக்கியிலும் அது 26 ஜூல் அளவில்தான் உதைக்கும். ஒலிம்பிக்கில் தட்டு சுடும் டிராப், ஸ்கீட் போட்டிகளிலேயே 24 கிராம்தான். ஆகவே தட்டு உடையாது என்று யாரும் பயமுறுத்தினால் நம்பாதீர்கள். 21 கிராம் கிடைத்தால் தொடக்கத்துக்கு இன்னும் நல்லது. பம்ப் என்பது இங்கே உங்களுக்குச் சாதகம். சில செமி ஆட்டோக்கள் லேசான தோட்டாவில் அடுத்ததை ஏற்றத் திணறும். பம்ப்பில் கைதான் ஏற்றுகிறது, அதற்கு எந்தத் தோட்டாவும் ஒன்றுதான்.

குழல்தச்சன்:
தோட்டாவை மாற்றுவது சரி, ஆனால் துப்பாக்கியையும் திருத்தலாமே. தோட்டா அமரும் அறைக்கும் குழலுக்கும் இடையில் ஒடுங்கிச் செல்லும் ஃபோர்சிங் கோனை நீளமாகக் கடைந்தால் உதை நன்றாகக் குறையும். குழல் முனையில் துளைகள் போட்டால் வாயு மேலே பீறிட்டு முனை எழும்பாமல் அழுத்தும். நான் பல துப்பாக்கிகளுக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். திரும்பி வந்து குறை சொன்னவர் எவரும் இல்லை.

இரட்டைக்குழல்:
காசு கொடுத்தவர் குறை சொல்லவில்லை என்பது சான்று ஆகாது. வெளியே போகும் எடையும் வேகமும் மாறவில்லை என்றால் கோனை எவ்வளவு நீட்டினாலும் உதையின் மொத்தம் அப்படியேதான் இருக்கும்.

குழல்தச்சன்:
மொத்தத்தைப் பற்றி யார் பேசினார்கள்? தோள் உணர்வதைப் பற்றிப் பேசுகிறேன். அழுத்தம் ஏறும் விதம் மாறினால் உணர்வு மாறும்.

எடைக்கல்:
ரவை குழலைக் கடக்க ஆகும் நேரம் சில மில்லி நொடிகள்தான். அதற்குள் அழுத்தம் ஏறும் விதத்தில் நேரும் சிறு மாற்றத்தைத் தோள் பிரித்தறியும் என்று எனக்குத் தோன்றவில்லை. துளைகளுக்கும் வரம்பு உண்டு. ரைஃபிளைப் போல் அல்ல. ஷாட்கனில் ரவை முனைக்கு வரும்போது வாயு அழுத்தம் மிகவும் இறங்கியிருக்கும். முனை எழும்புவது கொஞ்சம் குறையலாம், தோளில் பெரிய வித்தியாசம் தெரியாது. சத்தம் மட்டும் சுடுபவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் கூடும். புதியவருக்கு அதுதான் ஆகாது.

தானியங்கி:
செமி ஆட்டோவைப் பற்றி நான் சொன்னதும் உணர்வைப் பற்றித்தான். அதை ஒப்புக்கொள்வீர்கள், இதை ஒப்புக்கொள்ள மாட்டீர்களா?

எடைக்கல்:
போல்ட்டின் ஓட்டம் ரவை குழலைக் கடக்கும் நேரத்தைவிடப் பல மடங்கு நீளம். அதனால் அதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டும் ஒன்றல்ல.

மஞ்சள்தோட்டா:
துளையை நாமே போட்டுக்கொள்ள முடியாதா? என்னிடம் டிரில் இருக்கிறது.

குழல்தச்சன்:
வேண்டவே வேண்டாம். வாதத்தில் என்னோடு யார் முரண்பட்டாலும் இதில் எல்லோரும் ஒன்றாக இருப்போம். உள்பக்கம் பிசிர் நின்றால் ‘வாட்’ அடைப்பைக் கிழிக்கும். சோக் (குழல் முனையின் ஒடுக்கம்) இருக்கும் இடத்தில் தவறாகத் துளைத்தால் குழலே பாழ். இதற்கென்று எந்திரமும் பயிற்சியும் உள்ளவர்தான் தொட வேண்டும்.

இரட்டைக்குழல்:
இந்த ஒன்றில் அவர் சொல்வது சரி.

தோள்குழி:
கேட்டவரை எல்லோரும் மறந்துவிட்டோம். புதுக்குறி, இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

மேல்கையில் நீலம் என்றால் துப்பாக்கி தோள்குழியில் அமரவில்லை, வெளியே நழுவிக் கைத்தசையில் நிற்கிறது. 157 செ.மீ. உயரத்துக்குப் பெரியவர்களுக்கான கட்டை பெரும்பாலும் நீளம்தான். விசையிலிருந்து (டிரிகர்) கட்டையின் பின்முனை நடு வரை அளந்து பாருங்கள். 36, 37 செ.மீ. இருந்தால் அவளுக்கு 33, 34 தேவைப்படலாம். இதற்கு முழங்கை மடிப்பில் கட்டையை வைத்து அளக்கும் பழைய வழியை நம்பாதீர்கள். துப்பாக்கி காலி என்று இருவரும் பார்த்து உறுதி செய்த பிறகு, அவள் அதைத் தோளில் ஏற்றட்டும். மூக்குக்கும் விசைக்கையின் கட்டை விரலுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருந்தால் நல்லது. அதைவிடக் குறைந்தால் கட்டை விரல் மூக்கில் இடிக்கும். கூடினால் கட்டை நீளம்.

இதனால்தான் தடித்த பேட் மட்டும் மாட்டாதீர்கள் என்கிறேன். 25 மி.மீ. பேட் மாட்டினால் கட்டை இன்னும் 25 மி.மீ. நீளும், துப்பாக்கி இன்னும் வெளியே தள்ளிப் போகும். மென்மையான பேட் தேவைதான். ஆனால் அந்த அளவுக்குக் கட்டையைக் குறைத்துவிட்டு மாட்ட வேண்டும். மரக்கட்டை இன்னும் கையில் இருந்தால் அதையே குறைப்பது நல்லது, எடையும் திரும்பக் கிடைக்கும். கட்டைக்குள் 300 கிராம் சேர்த்தால் உதையின் ஆற்றல் பத்தில் ஒரு பங்கு குறையும். ஆனால் அது உள்ளே அசையாமல் இறுகப் பொருத்தியிருக்க வேண்டும். பாதரசக் குழாய் என்று விற்பதும் பெரும்பாலும் இந்த எடை வேலையைத்தான் செய்கிறது.

கட்டையின் பின்முகம் சாய்ந்திருக்கும் கோணத்தையும் பாருங்கள். பெண்களுக்கு அதன் கீழ்முனை மார்பில் குத்துவது உண்டு. அந்தப் பின்முகம் முழுவதும் சமமாகப் பதிந்தால் உதை பரவும், ஒரு முனை மட்டும் பட்டால் அந்த இடத்தில் குத்தும்.

நிற்கும் விதம் அடுத்தது. புதியவர்கள் எல்லோரும் துப்பாக்கியின் பாரத்தைச் சமாளிக்கப் பின்னால் சாய்வார்கள். உதை வந்ததும் மேலும் பின்னால் போவார்கள். முன்கால் முட்டி லேசாக மடங்கி, மூக்கு முன்கால் விரல்களுக்கு நேராக இருக்கட்டும். துப்பாக்கியை முதலில் கன்னத்துக்கு, பிறகு தோளுக்கு. தலையைக் கட்டைக்கு இறக்கக் கூடாது, கட்டைதான் கன்னத்துக்கு ஏற வேண்டும். பம்ப் என்பதால் முன்கையால் முன்பிடியைச் சற்று முன்னால் தள்ளி, பின்கையால் தோளுக்குள் இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். உதையில் கொஞ்சத்தைக் கைகள் வாங்கிக்கொள்ளும்.

காதில் என்ன போடுகிறாள்? வலியைவிடச் சத்தம்தான் பலரைக் கண் மூடவைக்கிறது. செருகிகளும் அதன் மேல் காதுமூடியும் இரண்டும் போடட்டும். மூடி கட்டையில் இடிக்காத ஒல்லியான வகையாக இருக்க வேண்டும்.

இரட்டைக்குழல்:
ஒன்று சேர்க்கிறேன். ஏற்கெனவே பயம் புகுந்திருக்கும். போலித் தோட்டாக்களை நல்ல தோட்டாக்களோடு கலந்து, எது எது என்று அவளுக்குத் தெரியாமல் நீங்கள் ஏற்றிக் கொடுங்கள். குழல் எப்போதும் தட்டு பறக்கும் பக்கமே நோக்கியிருக்கட்டும். போலி வரும்போது குழல் முனை கீழே குனிந்தால் அவள் உதையை எதிர்பார்த்துச் சுடுகிறாள் என்று பொருள். திட்டாதீர்கள். அன்று அத்தோடு நிறுத்துங்கள். நான் முன்பு கடுமையாக எழுதினேன், ஒரு புதியவர் இந்த விளையாட்டை விட்டுப் போவது எனக்குப் பொறுக்காது என்பதால்தான்.

மஞ்சள்தோட்டா:
70 மி.மீ. என்றால் என்ன?

எடைக்கல்:
சுட்ட பிறகு முன்மடிப்பு விரிந்த தோட்டாவின் நீளம். உங்கள் அறை 70 என்றால் 76 மி.மீ. தோட்டா போடக் கூடாது. மடிந்த நிலையில் உள்ளே போய்விடும், ஆனால் வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். குழலில் பொறித்திருப்பதைப் பாருங்கள்.

புதுக்குறி:
எல்லோருக்கும் நன்றி. 24 கிராம் தோட்டா வாங்கினோம், மரக்கட்டையைக் குறைத்துப் பேட் மாட்டினோம். ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டி முழுவதும் சுட்டாள். கையில் நீலம் இல்லை. கன்னம் மட்டும் இன்னும் வலிக்கிறது என்கிறாள்.

தோள்குழி:
மிக்க மகிழ்ச்சி. கன்னத்தில் எந்த இடம்? எலும்பின் மேலா, தாடைப் பக்கமா? எலும்பில் என்றால் கட்டையின் மேல்விளிம்பு தாழ்ந்திருக்கலாம். முகம் அழுந்தாமல் மிதந்து நிற்கும், உதையில் கட்டை எழும்பி அடிக்கும். பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

தோள்குழி:
புதுக்குறி, படம்?